பழைய தஞ்சாவூர்ப் பலகைப்படத்தில் செப்பனிட்ட இடங்களைக் கண்டறிதல்: அறிகுறி வாரியான வழிமுறை

பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை வாங்க நினைப்பவரும், பாட்டனார் காலத்திலிருந்து பூசையறையில் இருக்கும் படத்தை விற்கவோ பங்கு பிரிக்கவோ நினைப்பவரும் முதலில் கேட்பது "இது அசலா?" என்பதைத்தான். பல ஆண்டுகளாக இத்தகைய படங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவந்ததில், "இதில் முதல் ஓவியரின் கை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?" என்று கேட்பதே பயனுள்ளது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். என் பார்வைக்கு வந்த நூறாண்டு கடந்த படங்களில், ஒருமுறையேனும் பழுது பார்க்கப்படாதவை மிகச் சிலவே. விளக்குப் புகை, மழைக்கால ஈரம், உளு, கரையான் ஆகியவற்றுக்குத் தப்பி ஒரு மரப்பலகை இத்தனை காலம் நின்றதே பெரிது. அதைக் காப்பாற்ற ஒருவர் கைவைத்தது தவறன்று. கைவைத்ததை மறைத்து, தொடாத படத்தின் விலைக்கு விற்பதே தவறு.

பலகை, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையாலோ பிசினாலோ ஒட்டிய துணி, துணியின்மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் புடைப்பு வேலையும் கற்களும், பின்னர் ரேகு எனப்படும் மெல்லிய தங்கத் தகடு, இறுதியில் வண்ணம் என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கீழே சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் இந்த அடுக்குகளின் வயது ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவையே.

தொடங்கும் முன்

வேண்டிய கருவிகள் சில மட்டுமே. நகைக்கடைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ், சாதாரண வெள்ளை ஒளி டார்ச், புற ஊதா டார்ச், கைபேசிக் கேமரா ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். புற ஊதா டார்ச்சை வாங்கும்போது 365 நானோமீட்டர் அலைநீளம் கொண்டதைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சம் படத்தின் மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடுவதால், அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. அறையை முழுமையாக இருட்டாக்கிவிட்டு, இரண்டு நிமிடம் கண் பழகிய பிறகே விளக்கைப் பாய்ச்ச வேண்டும். அந்த ஒளியை நேராகப் பார்க்கக் கூடாது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிவது நல்லது.

ஈரப் பஞ்சு, எச்சில், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகிய எதனாலும் படத்தின் ஒரு மூலையைக்கூடத் துடைத்துப் பார்க்காதீர்கள். "பழைய வண்ணமானால் கரையாது, புதிதானால் கரையும்" என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணெய் வண்ணத்தைப் பற்றிய பேச்சைப் பலகைப்படத்துக்குப் பொருத்தியதால் வந்த பிழை இது. பிசினில் குழைத்த பழைய வண்ணம் நீரில் கரையும். பிற்காலத்து அக்ரிலிக் பூச்சு கரையாது. ஆகவே இந்தச் சோதனை அசலை அழித்து, ஒட்டுப் பூச்சை விட்டுவைக்கும். தொடக்க காலத்தில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணர் படத்தின் பாதத்தில் நான் ஈரப் பஞ்சை ஒருமுறை ஒற்றினேன். நூறாண்டுக்கு மேல் நின்ற ஒரு விரலின் கோடு பஞ்சோடு வந்துவிட்டது. அந்த விரலை எவராலும் திருப்பித் தர முடியாது.

படம் கண்ணாடிக்குள் இருந்தால், கண்ணாடியின் உட்புறத்தில் வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒட்டியிருந்தால் சட்டத்தைக் கழற்றாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, ஓவியப் பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள்.

அறிகுறி 1: ஒரு பகுதியின் நிறம் சுற்றுப்புறத்தோடு ஒட்டவில்லை

எளிய காரணம் பூசை. கண்ணாடியின்றிப் பூசையில் இருந்த படங்களில் நெற்றியிலும் பாதங்களிலும் வைத்த சந்தனமும் குங்குமமும் அந்த இடத்தின் நிறத்தை மாற்றியிருக்கும். மாலை தொங்கிய இடத்தில் புகை படியாமல் வளைவான வெளிறிய பட்டை ஒன்று தெரியலாம். நேர் கீழே விளக்கு எரிந்திருந்தால் நடுப்பகுதி மட்டும் பழுப்பேறியிருக்கும். இத்தகைய கறைகளின் விளிம்பு மங்கி மங்கி மறையும். படத்திலுள்ள உருவங்களின் எல்லைக் கோட்டை அவை பொருட்படுத்துவதில்லை. நிற வேறுபாடு புடவையின் ஓரத்தையோ தூணின் ஓரத்தையோ ஒட்டிச் சென்று அங்கே கூர்மையாக நின்றுவிட்டால், அது தூரிகை செய்த வேலை என்று ஐயுற வேண்டும்.

அடுத்த காரணம் வெளிச்சத்தால் மங்குதல். சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த அரை அங்குலப் பகுதியில் பழைய நிறம் வெயில் படாமல் காப்பாகக் கிடக்கும். அந்த ஓரத்து நிறத்தோடு நடுவிலுள்ள அதே நிறத்தை ஒப்பிடுங்கள். நடுப்பகுதி ஓரத்தைவிட வெளிறியிருப்பது இயற்கை. நடுப்பகுதி ஓரத்தைவிட அழுத்தமாகவும் தெளிவாகவும் இருந்தால், படம் சட்டத்துக்குள் இருக்கும்போதே எவரோ மேலே பூசியிருக்கிறார்.

மூன்றாவது, உதிர்ந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டது. புற ஊதா ஒளியில் ஒட்டுப் பூச்சு பெரும்பாலும் சுற்றியுள்ள பரப்பிலிருந்து பிரிந்து, கருந்தீவுபோலத் தெரியும். கருந்தீவு சிறியதாக இருந்து, அதன் நடுவே நிரப்பிய பள்ளத்தின் தடமும் தெரிந்தால், செப்பனிட்டவர் இழப்பு நேர்ந்த இடத்தோடு நின்றிருக்கிறார் என்று கொள்ளலாம். ஒரு நெல்லளவு உதிர்வை மறைக்க உள்ளங்கை அளவுக்குப் பூசியிருந்தால், அந்தப் பூச்சுக்கு அடியில் நல்ல நிலையில் உள்ள அசல் வண்ணம் புதைந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட படத்தை நான் ஒதுக்கிவிடுவதில்லை, வல்லுநரிடம் காட்டச் சொல்வேன்.

கடைசியாக, பின்னணி முழுவதையும் மறுபடி தீட்டியிருத்தல். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறமாகப் பரந்து கிடக்கும் பின்னணியில் பொருக்கு உதிர்வது எளிதில் கண்ணில் படுவதால், பழுது பார்ப்பவர்கள் உதிர்ந்த இடங்களைத் தனித்தனியாக நிரப்புவதற்குப் பதிலாக மொத்தமாகவே பூசிவிடுவது வழக்கம். உருவத்தின் எல்லைக் கோட்டை லென்ஸால் தொடர்ந்து பாருங்கள். அசல் வேலையில் கோடு பின்னணியின்மேல் அமர்ந்திருக்கும். மறுபூச்சில் பின்னணி வண்ணம் கோட்டின்மேல் ஏறியிருக்கும், அல்லது கோட்டைத் தொடப் பயந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டு ஓடும். கிரீட நுனி, விரல் இடுக்கு, மயிற்பீலியின் ஓரம் ஆகிய இடங்களில் இது தப்பாமல் வெளிப்படும்.

அறிகுறி 2: முகம் மட்டும் புதிதாகத் தெரிகிறது

விலையைத் தீர்மானிப்பது முகம். ஆகவே அதிகமாகத் திருத்தப்படுவதும் முகமே. இந்த அறிகுறிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

முதலில் விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் முதன்மைத் தெய்வத்தின் முகத்தை விட்டு, அருகில் நிற்கும் பணிப்பெண்கள், முனிவர்கள், தேவர்கள் ஆகியோரின் முகங்களைப் பாருங்கள். பழுது பார்ப்பவர் தம் உழைப்பை நடுவில் உள்ள மூர்த்தியின் மேல் செலவழித்து, ஓரத்தில் நிற்பவர்களைக் கவனியாமல் விடுவது வழக்கமாதலால், முதல் ஓவியரின் கை பெரும்பாலும் அந்தச் சிறு முகங்களிலேயே பிழைத்திருக்கும். அங்கே புருவம் எப்படி வளைகிறது, கண்ணின் கீழ்க்கோடு எவ்வளவு மெல்லியது, கன்னத்து நிழல் எத்தனை படிகளில் இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு நடு முகத்துக்கு வாருங்கள். ஒரே பட்டறையில் தலைமை ஓவியர் முகத்தையும் மற்றவர் பிறவற்றையும் தீட்டுவதும் உண்டு. அதனால் நடு முகம் நேர்த்தியில் உயர்ந்திருப்பது குறையன்று. முறை வேறாக இருப்பதே குறை. சிறு முகங்களில் நிழல் மென்மையாகக் கரைந்து செல்ல, நடு முகத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி வைத்து மூக்கு நுனியும் உதடும் மினுங்கினால், இரண்டாம் கை வந்திருக்கிறது.

அதே மூர்த்தியின் முகத்தையும் கைகால்களையும் ஒப்பிடுவது அடுத்த படி. முகத்தின் தோல் நிறம் பாதத்தின் தோல் நிறத்தோடு பொருந்த வேண்டும். பாதத்தில் புகையேறிய மங்கலும் முகத்தில் பளிச்சென்ற தெளிவும் இருந்தால், முகத்தை மட்டும் தூய்மை செய்தார்களா அல்லது மறுபடி தீட்டினார்களா என்ற கிளைக்கேள்வி எழும். அதற்கு லென்ஸ் விடை சொல்லும். தூய்மை செய்த முகத்தில் பழைய விரிசல்கள் திறந்தே இருக்கும், அவற்றுக்குள் பழைய அழுக்கு கருங்கோடாகத் தங்கியிருக்கும். மறுபடி தீட்டிய முகத்தில் வண்ணம் விரிசலுக்குள் இறங்கியோ அதன்மேல் பாலம்போல் கடந்தோ சென்றிருக்கும். புருவக் கோட்டையும் பாருங்கள்: பழக்கப்பட்ட கை ஒரே இழுப்பில் தடித்துத் தொடங்கி நுனியில் மெலிந்து முடியும், மறைந்த கோட்டைப் பின்தொடர்ந்து வரைந்தவரின் கை சிறுசிறு துண்டுகளாக நின்று நின்று சென்றிருக்கும்.

இதன் பிறகே புற ஊதா. கண்ணின் வெள்ளைப் பகுதிதான் இங்கே சாட்சி. டைட்டேனியம் வெள்ளை புற ஊதா ஒளியை விழுங்கிக் கருஊதாவாகத் தெரியும். அது 1910களின் இறுதியில்தான் ஆலைகளில் உற்பத்தியாகி விற்பனைக்கு வரத் தொடங்கியது. துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். நீர்வண்ணமாக அது 1834இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. எனவே இரண்டாம் சரபோஜி காலத்துப் படம், அதாவது 1798 முதல் 1832 வரையிலானது என்று சொல்லி விற்கப்படும் ஒன்றில், கண்வெள்ளை பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தால் அந்தக் கண் அந்தக் காலத்துக் கண்தானா என்று ஐயுற வேண்டும். கண்ணால் பார்த்த நிறத்தை மட்டும் வைத்து வெள்ளை இன்னதென்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. புகைப்படலமும் வார்னிஷும் ஒளிர்வை மாற்றும். ஐயத்தைக் குறித்துக்கொள்ளவே இந்தச் சோதனை.

முகத்தைப் பற்றி இரண்டு ஐயங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டால் நீங்களே முடிவெடுக்காதீர்கள். படத்தைத் தொடாமலே தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் கண்வெள்ளையில் டைட்டேனியம் உண்டா என்று ஓர் ஆய்வகம் பார்த்துச் சொல்ல முடியும்.

அறிகுறி 3: விரிசல்கள் நடுவழியில் நின்றுவிடுகின்றன, அல்லது எங்கும் ஒரே மாதிரி இருக்கின்றன

அறையை இருட்டாக்கி, வெள்ளை டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் பரப்போடு கிட்டத்தட்ட ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைக் குறுக்கே ஓடவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த பரப்பு மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும்.

பழைய பலகை ஈரத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் வருவதால், பெரிய விரிசல்கள் மரத்தின் ரேகை ஓடும் திசையிலும், இரண்டு பலகைகள் சேரும் இணைப்பிலும் எழும். அப்படி எழுந்த விரிசல் ஓரிடத்தில் திடீரென மறைந்து, இரண்டு விரற்கடை தள்ளி மீண்டும் தொடங்கினால், இடையில் உள்ள பகுதி பிற்காலத்து நிரப்பு. நிரப்பு நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் அது மட்டத்தில் சரியாக இருக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு வழவழப்பாக, துணியின் இழைத்தடம் இல்லாமல் இருக்கும். அக்கம்பக்கத்தில் துணியின் நெசவு மெல்லத் தெரிந்து இங்கே மட்டும் தெரியாதிருந்தால், துணியே போய்விட்டது என்று பொருள்.

விரிசல் வலை படமெங்கும் ஒரே அளவில், மரத்தின் ரேகையோடு தொடர்பின்றி, கோழி வலைபோலப் பரவியிருந்தால் வேறு கிளைக்குச் செல்லுங்கள். விரிசல் உண்டாக்கும் வார்னிஷ்கள் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. லென்ஸில் அந்த விரிசல் வார்னிஷின் கனத்தோடு நின்றுவிடும். உண்மை விரிசல் வண்ணத்தையும் சுண்ணாம்பையும் பிளந்து இறங்கும். மெல்லிய தூரிகையால் வரைந்த பொய் விரிசல்களையும் பார்த்திருக்கிறேன். பக்க வெளிச்சத்தில் அவற்றுக்குப் பள்ளமே இருக்காது. இவை மறைக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டவை; அப்படிப்பட்ட படத்துக்கு மேற்கொண்டு சோதனைச் செலவு செய்வது வீண்.

உளுத்த துளைகளையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வண்டு வெளியேறிய துளை வட்டமாக, ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். துளையின் வாயில் வண்ணம் வெட்டுண்டு நின்றால், வண்ணம் முந்தியது, துளை பிந்தியது. வண்ணம் துளைக்குள் வழிந்து இறங்கியிருந்தால், உளுத்த பழைய பலகையை எடுத்து அதன்மேல் தீட்டியிருக்கிறார்கள், அல்லது அந்தப் பகுதியையேனும் மறுபடி பூசியிருக்கிறார்கள். துளையிலிருந்து புதிய மரத்தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது; படத்தை மற்றப் படங்களிலிருந்து உடனே பிரித்து வைத்து வல்லுநரை அழைக்க வேண்டும். பூச்சிமருந்தை நீங்களே தெளிக்காதீர்கள்.

அறிகுறி 4: தங்கம் மிகவும் பளபளக்கிறது, அல்லது பழுப்பும் பச்சையுமாக மாறியிருக்கிறது

தங்கம் கறுப்பதில்லை. ஆகவே பளபளப்பு மட்டுமே புதுமைக்குச் சான்றாகாது. கண்ணாடிக்குள் நன்றாக இருந்த படத்தின் ரேகு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒளி வீசும். பார்க்க வேண்டியது தேய்மானமும் அழுக்கும் எங்கே இருக்கின்றன என்பதையே.

துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பழைய வேலையில், புடைப்பின் மேட்டில் ரேகு தேய்ந்து அடியிலுள்ள பூச்சு எட்டிப்பார்க்கும். பள்ளங்களில் எண்ணெய்ப்பிசுக்கும் புகையும் தங்கத்தின்மேல் படிந்திருக்கும். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே பொலிவு இருந்து, லென்ஸில் அழுக்கு தங்கத்துக்கு அடியில் அகப்பட்டிருந்தால், பழைய புடைப்பின்மேல் புதிய ரேகு ஒட்டப்பட்டிருக்கிறது. இது பரவலான பழுது; படத்தின் மதிப்பைக் குறைக்கும் என்றாலும், முகத்தைத் திருத்தியதற்கு ஈடான இழப்பாக நான் கருதுவதில்லை.

பழுப்போ பச்சையோ படர்ந்திருந்தால் அது செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேகு, அல்லது வெண்கலப் பொடியில் செய்த தங்க வண்ணம். லென்ஸில் பொடி வண்ணம் தனித்தனித் துகள்களாக மின்னும். ரேகு தொடர்ந்த தகடாக, ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தடத்தோடு தெரியும். சிறு கிரீடப் பகுதி மட்டும் இப்படி இருந்தால் அது வீட்டாரோ சட்டம் போடும் கடைக்காரரோ செய்த ஒட்டு வேலையாக இருக்கலாம். அதைச் சுரண்டி எடுக்க முயல வேண்டாம். அடியில் பழைய தங்கம் இருக்கக்கூடும்.

புடைப்பு வேலையே உடைந்து புதிதாக வார்க்கப்பட்டதா என்பதற்கு இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். தூண்களும் வளைவுகளும் இருபுறமும் இணையாக வருவதால், ஒருபுறத்துக் கொடி வேலை கூர்மையாகவும் மறுபுறத்தது உருகியதுபோல மழுங்கியும் இருந்தால், எது பிந்தியது என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி 5: கற்கள் ஒன்றுபோல் இல்லை

கல் உதிர்வது இயல்பு, புதிய கல் பதிப்பதும் இயல்பு. இதை மட்டும் வைத்து எவரும் பேரத்தை முறிக்க வேண்டியதில்லை. புற ஊதா ஒளியில் கல்லைச் சுற்றி நீலம் கலந்த வெண்மையான வளையம் தெரிந்தால், அது பெரும்பாலும் இக்காலத்துச் செயற்கைப் பசை. ஃபெவிகால் 1959இல்தான் சந்தைக்கு வந்தது என்பதை நினைவில் கொண்டால் காலம் கணிக்க உதவும். எத்தனை கற்களுக்கு வளையம் உண்டு என்று எண்ணுங்கள். எல்லாக் கற்களுக்கும் வளையம் இருந்து, பலகையும் துணியும் பழையனவாக இருந்தால், புடைப்பு வேலை முழுவதும் புதிதா என்று அறிகுறி 4க்குத் திரும்பிச் சென்று பார்க்க வேண்டும்.

அறிகுறி 6: விரலால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது, பரப்பு உப்பியிருக்கிறது

நகத்தால் அன்று, விரல் சதையால், முகத்தையும் தங்கத்தையும் தவிர்த்து, வெற்றிடமான பின்னணியில் மட்டும் மிக மென்மையாகத் தட்டுங்கள். சில இடங்களில் ஒலி மாறினால் துணி பலகையிலிருந்து பிரிந்திருக்கிறது. ஈரம் பட்ட படங்களில் இது பழுது பார்த்ததற்கு அடையாளமே இல்லாமல், இயற்கையாக நேரும். உப்பலின் ஓரத்தில் ஊசி குத்திய சிறு துளைகள் தெரிந்தால், எவரோ பசையை உள்ளே செலுத்திப் படியவைத்திருக்கிறார். அது அக்கறையோடு செய்த வேலை.

தட்டினால் எங்கும் ஒரே மாதிரி, பலகைக்கு உரிய கனத்த ஒலியின்றிக் கேட்டால், ஓவியம் தன் பழைய பலகையிலிருந்து உரிக்கப்பட்டு வேறொன்றின்மேல் ஒட்டப்பட்டிருக்கலாம். இதை உறுதி செய்யப் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்ணம் உதிரும் நிலையில் உள்ள படத்தைக் குப்புறக் கவிழ்க்கக் கூடாது. நிமிர்த்திப் பிடித்து ஒருவர் நிற்க, மற்றவர் பின்னால் சென்று பாருங்கள்.

அறிகுறி 7: பின்புறத்தின் வயதும் முன்புறத்தின் வயதும் பொருந்தவில்லை

வாங்குபவர்கள் மிகக் குறைவாகப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். விற்பவர்கள் மிகக் குறைவாகத் திருத்துவதும் இதையே. பழைய படங்களுக்குப் பலாப் பலகையையும், பின்னாளில் தேக்கையும் பயன்படுத்தினார்கள். இப்போது ஒட்டுப்பலகையே வழக்கம். ஒட்டுப்பலகையின் அடுக்குகள் ஓரத்தில் கோடுகளாகத் தெரிந்தால், படமே புதிது, அல்லது பழைய ஓவியம் புதிய பலகைக்கு மாற்றப்பட்டது. கூட்டல் குறிபோன்ற பள்ளமுள்ள திருகாணி 1930களின் கண்டுபிடிப்பு. பின்புறக் குறுக்குச் சட்டம் அதனால் முடுக்கப்பட்டிருந்தால், அதற்குப் பின்னர் படத்தில் வேலை நடந்திருக்கிறது. ஆனால் திருகாணியை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். பழைய ஆணியின் வெற்றுத் துளைகள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பலகையின் ஓரத்தில் துணியின் நுனி தெரிந்தால் அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுங்கள். இக்காலத் துணிகளிலும் சலவைத்தூளிலும் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் பிரகாசமான நீலமாக ஒளிரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய துணியில் அவை இருக்காது. ஒரு மூலையில் மட்டும் ஒளிர்ந்தால் அங்கே துணி ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது.

பின்புறம் முழுவதும் கறுப்பு வண்ணமோ, தேயிலை நீர்போன்ற பழுப்புச் சாயமோ பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். இயற்கையாக முதிர்ந்த மரம், காற்றுப்பட்ட இடத்தில் கருமையாகவும் குறுக்குச் சட்டத்தின் அடியில் வெளிறியும் இருக்கும். சாயம் எங்கும் ஒன்றுபோல இருக்கும்.

ஒட்டுச்சீட்டோ முத்திரையோ எண்ணோ சுரண்டப்பட்ட தடம் இருந்தால், அது செப்பனிடும் வேலையைச் சேர்ந்ததன்று, படம் திருட்டுப் பொருளாக இருக்கலாம்; அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகம் 2006இல் வாங்கிய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை 2015இல் திருப்பி ஒப்படைக்க நேர்ந்தது. பெரிய நிறுவனமே இடர்ப்பட்ட விஷயத்தில் தனிமனிதர் துணிய வேண்டாம். நூறாண்டு கடந்த ஓவியம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. உண்மையிலேயே பழைய படம் என்று விற்பவர், பதிவுச் சான்றைப் பற்றிக் கேட்டால் தயங்கக் கூடாது.

அறிகுறி 8: பரப்பு முழுவதும் ஒரே பளபளப்பு

புகைபிடித்த படத்துக்குத் தெளிவு வரட்டும் என்று மேலே வார்னிஷ் அடிப்பது வழக்கமாக நடப்பது. புற ஊதா ஒளியில் அரக்கு வார்னிஷ் செம்மஞ்சளாகவும், பழைய மரப்பிசின் வார்னிஷ் மங்கிய பச்சையாகவும் ஒளிரும். வார்னிஷ் இருந்தால் அதற்கு அடியில் உள்ள ஒட்டுப் பூச்சைப் புற ஊதா ஒளியால் காண இயலாமற் போகலாம். ஆகவே அறிகுறி 1, 2 ஆகியவற்றில் நீங்கள் பெற்ற "குறை இல்லை" என்ற முடிவை ரத்து செய்துவிட்டு, லென்ஸையும் பக்க வெளிச்சத்தையும் மட்டுமே நம்ப வேண்டும். மூடிய அறையில் வைத்திருந்த படத்தில் வார்னிஷ் நெடி இன்னும் வந்தால், விற்பனைக்காக அண்மையில் பூசப்பட்டது அது. வார்னிஷை நீக்குவது பலகைப்படத்தில் மிகக் கடினமான, செலவு மிகுந்த வேலை. அடியிலுள்ள பிசின் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும் இடர் உண்டு. விலை பேசும்போது இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வல்லுநரை அழைக்கும்போது

முகத்திலோ கைகளிலோ மறுபூச்சு என்ற ஐயம், உதிரும் வண்ணம், உயிருள்ள உளு, கண்ணாடியில் ஒட்டிய பரப்பு, பலகை மாற்றம் ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் உங்கள் வேலை அத்துடன் முடிந்தது. சட்டம் போடும் கடைக்கும், புதிய தஞ்சாவூர் ஓவியம் தீட்டும் ஓவியருக்கும் படத்தை அனுப்பாதீர்கள்; புதிதாகத் தீட்டுவதில் தேர்ந்த கை, பழையதைத் தொடாமல் விடுவதிலும் தேர்ந்திருக்கும் என்று கொள்ள முடியாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு 1930 முதல் இத்துறையில் இயங்கிவருகிறது. இலக்னோவில் 1976இல் தொடங்கப்பட்ட, பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகத்துக்கு மைசூரில் கிளை உண்டு. பெங்களூரில் சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனத்தின் வளாகத்தில், மரபுச் செல்வங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் ஓவியப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. இவற்றில் விசாரித்தால் தகுதியுள்ளவரை அறியலாம்.

படத்தைக் கொண்டுசெல்லும் முன் பகல் வெளிச்சம், பக்க வெளிச்சம், புற ஊதா ஆகிய மூன்றிலும் முன்புறத்தையும், பகல் வெளிச்சத்தில் பின்புறத்தையும் படமெடுத்து, ஐயமுள்ள இடங்களைக் குறித்துக் கொடுங்கள். வல்லுநரின் நேரம் மிச்சமாகும். பழைய மேற்பூச்சை நீக்க வேண்டுமா என்று அவர் கேட்டால், அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சிறு பகுதியில் திறந்து காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அடியில் வெறும் சுண்ணாம்பு மட்டுமே இருக்குமானால், மேற்பூச்சை அப்படியே விடுவதே நல்லது.

வாங்குவதென்று முடிவானால், செப்பனிட்ட இடங்களை ஒவ்வொன்றாக எழுதி, விற்பவரின் கையொப்பத்தோடு ரசீதிலேயே சேர்த்து வாங்குங்கள். "பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீதை ஏற்காதீர்கள். பலகை எது, துணி மாற்றப்பட்டதா, தங்கம் மறுபடி ஒட்டப்பட்டதா, முகம் தொடப்பட்டதா என்ற நான்கு வரிகளாவது அதில் இருக்க வேண்டும்.